சும்மா இருக்கச் சம்பளம்

வேலை வாங்கிக்கொண்டு சம்பளம் கொடுப்பது உலக வழக்கம். வேலையை வாங்கிக்கொண்டு சம்பளத்தை இழுத்தடிப்பது சில இடங்களின் விசேஷ வழக்கம். இவ்விரண்டுக்கும் புறம்பாக, ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து, வழிச்செலவு கொடுத்து வரவழைத்து, வசிக்க ஓர் அறையும், எழுத ஒரு மேஜையும், கைச்செலவுக்கு ஒரு தொகையும் தந்து, "உமக்கு எது தோன்றுகிறதோ அதைப் படியும், எது வருகிறதோ அதை எழுதும், நாங்கள் குறுக்கே வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிற விநோத வழக்கமொன்றும் இந்தப் பூலோகத்தில் இருக்கிறது என்றால், நம்மில் பலர் அதைப் புராணக் கதை என்றே எண்ணக்கூடும். ஆயினும் அது நிஜம். வருகை ஆய்வு நல்கை என்று பத்திரிகைத் தமிழிலும், ஃபெலோஷிப் என்று பேச்சுத் தமிழிலும் அதற்குப் பெயர் வழங்குகிறது.

இந்த ஏற்பாடுகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்களின் தொகை சில வருஷங்களாகப் பெருகி வருகிறது. கல்லூரியில் சரித்திரம் போதிக்கிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள், முதல் நாவலை வெளியிட்டுவிட்டு இரண்டாவதற்கு அவகாசம் கிடைக்காமல் அலைகிறவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் கேட்கிறார்கள். "எவ்வளவு கொடுப்பார்கள் சார்? வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாமா? சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்கினால் எடுபடும்?" என்பவையே அவர்களுடைய கேள்விகள். நியாயமான கேள்விகள்தான், வயிற்றைக் கட்டிக்கொண்டு வாக்தேவியை உபாசிக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்ற கேள்வி அவற்றுக்கு முந்தியது. அதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்த்தால், எந்த இடத்துக்கு விண்ணப்பிப்பது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்பதெல்லாம் தாமாகவே தெளிந்துவிடும். விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டு வேறொன்றைத் தேடிப் போக எந்த நல்கை இடம் கொடுக்கிறதோ அதுவே உத்தமமானது என்பதும், பண்டிதரையும் கலைஞரையும் ஒரே முற்றத்தில் உட்காரவைக்கும் நல்கையில் இது சுலபமாக நடக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்கும் முறைக்கு மூத்த உதாரணம் ரோமாபுரியில் இருக்கிறது. 1666ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி, தம் நாட்டு ஓவியர்களும் சிற்பிகளும் பழைய ரோமானியச் சிற்பங்களின் நடுவே வாழ்ந்து தேர்ச்சி பெறவேண்டும் என்று அங்கே ஒரு கலைக்கழகத்தை ஸ்தாபித்தார். 1803இல் அது வில்லா மெடிச்சி என்னும் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. சங்கீதக்காரர்களுக்கும் அவ்வாண்டு முதல் வாசல் திறந்தது. அங்கே போவதற்குப் போட்டியில் வென்று பெறவேண்டிய ரோம் பரிசை 1884இல் பெற்றுப் போன டெபுஸ்ஸி அந்த மாளிகையில் சிறைக் கைதியைப் போலவே புழுங்கினார். அங்கிருப்பவர்கள் அவ்வப்போது ஒரு படைப்பைப் பாரிஸுக்கு அனுப்பிவைத்துப் பெரியவர்களின் அங்கீகாரத்தைப் பெறவேண்டும் என்பது விதி. அவர் அனுப்பிய 'வசந்தம்' என்னும் உருப்படியைப் பரிசீலித்த அப்பெரியவர்கள், இளைஞர் தெளிவற்ற 'இம்ப்ரெஷனிஸ'த்தின் பக்கம் சாய்கிறார் என்று எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார்கள். பிற்காலத்தில் எந்தக் குணத்துக்காக உலகம் அவரைக் கொண்டாடியதோ அதையே குற்றமாகக் கண்டுபிடித்த பெருமை அந்தக் குறிப்புக்கு உண்டு. இன்னொரு சங்கீதக்காரராகிய ராவெலின் கதை இன்னும் விசேஷம். ஐந்து முறை போட்டியிட்டும் அவருக்கு முதற்பரிசு கிட்டவில்லை. 1905இல் பூர்வாங்கச் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். தேறியவர்கள் அனைவரும் நடுவர்களில் ஒருவருடைய மாணாக்கர்கள் என்பது வெளிப்பட்டதும் பத்திரிகைகள் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பின; பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைமை அவ்வருஷமே மாறி, ராவெலின் ஆசிரியராகிய ஃபோரே அந்த ஸ்தானத்தில் அமர்ந்தார். ராவெல் ரோமுக்குப் போகாமலே ராவெலாக இருந்தார் என்பதை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் நிற்பது அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயராய்வு நிலையம். நியூவர்க்கில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்திய லூயி பாம்பெர்கரும் அவர் சகோதரி கரோலினும், 1929இல் பங்குச் சந்தை கவிழ்வதற்குச் சற்று முன்பு அதை விற்றுவிட்டு, கையிலிருந்த திரவியத்தைத் தர்மத்துக்குச் செலவிட விரும்பி, வைத்தியக் கல்லூரி ஒன்று வைக்கலாமா என்று கல்வி நிபுணர் ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னரைக் கலந்தார்கள். அவரோ, மாணவர்களும் பரீட்சைகளும் பட்டங்களும் இல்லாத, அறிஞர்கள் தம் இஷ்டப்படி சிந்தித்துக்கொண்டிருக்கும் ஓர் இடத்தை அமைக்கும்படி அவர்களை இணங்கச் செய்தார். 1930இல் தோன்றிய அந்த நிலையத்துக்கு 1933இல் ஐன்ஸ்டைன் வந்து சேர்ந்தது ஊரறிந்த விஷயம். நம் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமானது 1948இல் நடந்தது. அணுகுண்டு ஆராய்ச்சியை நடத்திப் புகழும் மனவேதனையும் ஒருங்கே பெற்ற ஓப்பன்ஹைமர் அப்போது அதன் இயக்குநர். கணித மேதைகளும் பௌதிக சாஸ்திரிகளும் நிறைந்த அந்த இடத்துக்கு அவர் கவி டி. எஸ். எலியட்டை அழைத்தார். கவிஞர் அங்கே 'தி காக்டெயில் பார்ட்டி' என்னும் நாடகத்தில் ஈடுபட்டிருந்த நவம்பர் மாதத்தில்தான் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசை வாங்க ஸ்டாக்ஹோமுக்குப் புறப்பட நேர்ந்ததனால் அவகாசம் குறைந்துபோயிற்று. கௌரவங்கள் எழுத்துக்குச் செய்யும் இடையூறுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தப் பூரண சுதந்திரத்துக்கும் ஒரு மறுப்புரை உண்டு. பௌதிக அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், போதிக்கும் பொறுப்பு இல்லாமல் அறிஞர்களை ஓர் அழகான வீட்டில் உட்காரவைப்பது அவர்களுக்கு நன்மை செய்வதாகாது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். யோசனை எதுவும் உதிக்காத நாளில், வகுப்பு நடத்தினோம் என்ற ஆறுதலாவது ஆசிரியருக்கு மிஞ்சும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கோ குற்ற உணர்ச்சியைத் தவிர வேறு துணையில்லை. மாணவர்கள் கேட்கும் கேள்விகளே பல சமயங்களில் புதிய ஆராய்ச்சிக்கு வித்து என்பது அவருடைய வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. என்றாலும், வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, அங்கீகாரக் குழுவுக்குப் படிவங்கள் நிரப்பி, மிச்சமிருக்கும் இரவு நேரத்தில் ஆராய்ச்சி செய்யும் நம்மூர் ஆசிரியரிடம் இந்த வாதத்தை எடுத்துச் சொன்னால் அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அளவுக்கு மீறிய ஓய்வு என்பது அவருக்கு வாய்க்கவே வாய்க்காத வியாதி.

பிரின்ஸ்டனைப் போன்ற பிரசித்தி இல்லாத ஓர் இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 மைல் தொலைவில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே இருக்கிறது அமெரிக்கப் பழஞ்சுவடிச் சங்கம் என்று நாம் சொல்லக்கூடிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி. 1812இல் அதை ஸ்தாபித்த ஐசையா தாமஸ் ஓர் அச்சுத் தொழிலாளி. வறுமையினால் ஆறு வயதிலேயே ஓர் அச்சுக்கூடத்தில் தொழில் பழக ஒப்படைக்கப்பட்டவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்துக் கோக்கத் தெரிந்துகொண்டவர். அந்தச் சிறுவன் முதன்முதலாகக் கோத்தது தெருவில் விற்கும் ஒரு பாட்டு. பிறகு சொந்தமாகப் பத்திரிகை நடத்தி, ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதி, 1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், யுத்தம் வெடிப்பதற்குச் சில நாட்களுக்கு முன், அச்சியந்திரத்தை இரவோடிரவாகப் பாஸ்டனிலிருந்து வூஸ்டருக்குக் கடத்திக்கொண்டு வந்தார். அந்த இயந்திரம் இன்றும் அச்சங்கத்தில் இருக்கிறது.

செல்வமும் செல்வாக்கும் பெற்ற பிறகு தாமஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1814இல் பாஸ்டனில், சாமானிய ஜனங்கள் தெருவில் காசு கொடுத்து வாங்கிப் பாடுகிற ஒற்றைத்தாள் பாட்டுகளை முந்நூறுக்கு மேல் மொத்தமாக வாங்கி, மூன்று பாகங்களாகக் கட்டி, தம் சங்கத்தில் வைத்துவிட்டார். கொலைச் சிந்து, கப்பல் சண்டை, கள்ளக் காதல், பரிகாசம் என்று எல்லாம் அதில் உண்டு. நம் சென்னைக் குஜிலிக் கடையில் விற்ற பாட்டுப் புத்தகங்களை ஒரு கனவான் அக்காலத்திலேயே வாங்கி அடுக்கி வைத்திருந்தால் எப்படியிருக்குமோ அப்படி. படித்த கூட்டம் குப்பை என்று ஒதுக்கியதைக் காப்பாற்றும் இந்தப் புத்தி அச்சங்கத்தின் மரபாகவே நிலைத்துவிட்டது. பஞ்சாங்கம், சமையல் புத்தகம், குழந்தைப் புத்தகம், கடை விளம்பரச் சீட்டு, காதலர் வாழ்த்து அட்டை என்று, குடியேற்றக் காலந்தொட்டு 1876 வரையில் அந்நாட்டில் அச்சேறியது எதுவானாலும் சேர்ப்பது என்ற கொள்கையோடு நெடுங்காலம் நடந்து வந்தது.

சரித்திர ஆய்வாளர்களுக்கு நல்கை கொடுத்து வந்த அந்தச் சங்கம், 1990களின் நடுப்பகுதியிலிருந்து கவிஞர்கள், நாடகாசிரியர்கள், நாவலாசிரியர்கள், படமெடுப்பவர்கள், சிற்பிகள் ஆகியோருக்கும் தனியே நல்கை வழங்கத் தொடங்கியது. சரித்திரத்தைப் பொதுஜனங்களுக்குக் கொண்டுசேர்ப்பது கலைஞர்களே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நான் அதோடு இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன். ஆய்வாளர் ஒரு காகிதத்தை எடுக்கும்போது அது எதை நிரூபிக்கும் என்று பார்க்கிறார். கலைஞரோ அதை எழுதியவரின் கை நடுங்கியதா என்று பார்க்கிறார். சில வேளைகளில், கை நடுங்கியதைப் பார்த்தவரே நிரூபணத்தில் ஓட்டை இருப்பதையும் முதலில் கண்டுவிடுகிறார்.

இது வெறும் அலங்காரப் பேச்சன்று. 1761இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஏறக்குறைய ஏழு வயதில் வீட்லி என்னும் குடும்பத்துக்கு விற்கப்பட்டு, வந்த கப்பலின் பெயரையே தன் பெயராகச் சுமக்க நேர்ந்த ஃபிலிஸ் என்னும் பெண், ஆங்கிலம் கற்றுக் கவிபாடி, 1773இல் லண்டனில் தன் நூலை வெளியிட்டாள். பிறகு விடுதலை பெற்று, ஜான் பீட்டர்ஸ் என்னும் சுதந்திரமான கறுப்பினத்தவரை மணந்து, 1784இல் வறுமையில் இறந்தாள். இந்தக் கணவர் சோம்பேறி, கர்வி, மனைவியைக் கைவிட்டவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அதற்கு மூலம் எது என்று பார்த்தால், ஃபிலிஸ் இறந்து ஐம்பது வருஷங்களுக்குப் பின், 1834இல், எஜமானியம்மாளின் வம்சத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லிக்கொண்ட ஓடெல் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிய சரிதம். பின்வந்த பண்டிதர்கள் பலர் அதை வழிமொழிந்தார்கள்.

2009இல் வூஸ்டருக்கு நல்கை பெற்று வந்த ஆனரே ஃபனோன் ஜெஃபர்ஸ் பண்டிதர் அல்லர், கவிஞர். ஃபிலிஸைப் பற்றிக் கவிதைகள் எழுத விரும்பி வந்தவர். வந்த இடத்தில் பழைய காகிதங்களைப் புரட்டப் புரட்ட, அந்த ஓடெல் அம்மாள் சொன்ன உறவுக்கு ஆதாரம் எங்கே என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. தேடிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. ஒரு கறுப்பினக் கணவரின் மானத்தை ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு காலம் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பியே வாங்கியிருக்கிறார்கள் என்ற கோபம் அவர் கவிதைகளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பதினைந்து வருஷ உழைப்புக்குப் பின் 2020இல் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் ஃபிலிஸ்' என்னும் அந்தக் கவிதை நூலில், தம் ஆராய்ச்சியை விளக்கும் நீண்ட கட்டுரை ஒன்றையும் அவர் சேர்த்திருக்கிறார். கவிஞரை இனிமேல் ஃபிலிஸ் வீட்லி பீட்டர்ஸ் என்று மணவாழ்வுப் பெயரோடு சேர்த்தே குறிப்பிடவேண்டும் என்று வாதாடியதும் அவர்தாம். அடுத்த ஆண்டிலேயே கார்னிலியா டேட்டன் என்னும் சரித்திர ஆசிரியர், பழைய நீதிமன்ற ஆவணங்களிலிருந்து, அந்தத் தம்பதிகள் மிடில்டன் என்னும் கிராமத்தில் ஒரு நில வழக்கில் சிக்கிக்கொண்டு கழித்த வருஷங்களை மீட்டெடுத்து வெளியிட்டார். கவிஞர் எழுப்பிய கேள்வியும் ஆய்வாளர் கொண்டுவந்த ஆவணமும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதை இங்கே காண்கிறோம். ஒரு மாதத்துக் கைச்செலவுக்கு இதைவிட லாபகரமான வியாபாரம் எது?

இனி நம் தேசத்துக்கு வருவோம். சிம்லாவில் அப்சர்வேட்டரி குன்றின்மேல் நிற்கும் இந்திய உயராய்வு நிறுவனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் அறிந்தவர்கள் குறைவு; அந்தக் கட்டிடத்தைக் கட்டியவரின் கைவேலையை அறியாதவர்களோ சென்னையில் இருக்க முடியாது. வைஸ்ராய்களின் கோடைக்கால மாளிகையாக 1888இல் அதை முடித்துக் கொடுத்த ஹென்றி இர்வின்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் சிவப்பு மாடங்களையும், மைசூர் அரண்மனையையும் உருவாக்கியவர்களில் தலையானவர். 1945இல் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மகாநாடு நடந்ததும் அந்த மாளிகையில்தான். சுதந்திரத்துக்குப் பின் ராஷ்டிரபதி நிவாஸ் ஆகி, குடியரசுத் தலைவருக்குரிய கோடை வாசஸ்தலமாக இருந்த அதை, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் விளக்கேற்றி வைப்பதைவிடப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தவர், திருத்தணியில் பிறந்து தத்துவ ஆசிரியராக வாழ்ந்து அப்பதவிக்குச் சென்ற ராதாகிருஷ்ணன். 1965ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவரே அதைத் திறந்துவைத்தார். வைஸ்ராய்களும் சீமாட்டிகளும் நடனமாடிய கூடத்தில் இப்போது புத்தக அலமாரிகள் நிற்கின்றன. அந்தக் குன்றின் ஒரு சரிவில் விழும் மழைநீர் சட்லெஜ் வழியே அரபிக் கடலுக்கும், மறு சரிவில் விழுவது யமுனை வழியே வங்காள விரிகுடாவுக்கும் போய்ச் சேரும் என்று சொல்வார்கள்.

அங்கே நல்கை பெறுகிறவர் அந்த வளாகத்திலேயே வாசம் செய்யவேண்டும். தம் ஆராய்ச்சியைச் சக ஆய்வாளர்களின் முன்பு கருத்தரங்கில் படிக்கவேண்டும். காலம் முடியும்போது ஒரு நூலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கவேண்டும். கணக்குக் கேட்பதில் இது ரோமாபுரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடுப்பட்ட வழி. சரித்திரம், தத்துவம், சமூகவியல் படிக்கிறவர்களோடு இலக்கியக்காரர்களையும் சேர்த்துக்கொள்வது அதன் நல்ல குணங்களில் ஒன்று. சிம்லாவிலேயே பிறந்த இந்தி நாவலாசிரியர் நிர்மல் வர்மாவும், கிருஷ்ணா சோப்தியும் அங்கே நல்கை பெற்றவர்கள்.

அந்த மாளிகையோடு சம்பந்தப்பட்ட இன்னொரு செய்தி, நாவலில் வந்திருந்தால் மிகை என்று நாம் ஒதுக்கிவிடக்கூடியது. அதில் முதலில் குடியேறிய வைஸ்ராய் டஃபரின் பிரபு. வட பர்மாவை யுத்தம் செய்து பிடித்து, 1886ஆம் ஆண்டின் முதல் நாளில் ஆங்கில சாம்ராஜ்யத்தோடு இணைத்தது அவருடைய ஆட்சியில்தான். பர்மிய மன்னர்களின் பழைய தலைநகராகிய ஆவா என்னும் பெயரைத் தம் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டதும் அவர்தாம். மாளிகையின் உட்புறத்தை அலங்கரிக்கும் தேக்கு அந்தப் பர்மாவிலிருந்து தருவிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்து, 1987இல், அதே மாளிகையில், அதே தேக்குப் பலகைகளின் நடுவே, நல்கை பெற்ற ஆய்வாளராக ஆங் சான் சூ கீ என்னும் பர்மியப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். திபேத்திய, பூட்டான் ஆராய்ச்சியில் தேர்ந்த அவர் கணவர் மைக்கேல் ஆரிஸும் அங்கே ஆய்வாளர். அந்நிய ஆட்சியின் கீழ் இந்தியாவிலும் பர்மாவிலும் அறிவுவாழ்வு எவ்வாறு வெவ்வேறு வழிகளில் நடந்தது, வங்காளத்தில் உண்டான மறுமலர்ச்சியைப் போன்றதொன்று பர்மாவில் ஏன் உண்டாகவில்லை என்பதே அவர் ஆராய்ந்த விஷயம். அந்த ஆராய்ச்சி பின்னர் சிறு நூலாக வெளிவந்தது. 1988இல் நோயுற்ற தாயாரைப் பார்க்க ரங்கூனுக்குப் போனவரைத் தேசத்தின் கிளர்ச்சி பிடித்து இழுத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் அடைந்த புகழும், சிறையும், ஆட்சிக்கு வந்தபின் அவர்மேல் படிந்த களங்கமும் இங்கே நம் விஷயமல்ல. நல்கை கொடுத்தவர்களில் எவரும் அதன் விளைவை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இவையெல்லாம் மேல்நாட்டாரிடம் கற்றுக்கொண்ட வழக்கம் என்று எண்ணிவிடவேண்டாம். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை வித்துவானாக வைத்து ஆதரித்து, அவரை நாடிவந்த மாணாக்கர்களுக்கு மடத்திலேயே அன்னமிட்டு, ஓலைச்சுவடிகளைத் திறந்துவிட்ட சுப்பிரமணிய தேசிகர் செய்ததும் இதே காரியந்தான். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்த பிறகும் உ. வே. சாமிநாதையரை அங்கேயே இருத்திக்கொண்டார்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குப் போன பிறகோ ஐயருக்கு அந்த அவகாசம் இல்லை. பகலில் பாடம் சொல்லி, மற்ற நேரத்தில் ஏடு பார்த்து, பதிப்புச் செலவுக்குப் பலரிடம் கையேந்தி, 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். மாதச் சம்பளத்தோடு ஓராண்டு ஓய்வு கொடுத்து, "நீர் சுவடிகளையே பார்த்துக்கொண்டிரும்" என்று அன்றைய சர்க்கார் கல்வி இலாகா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை நூல்கள் கரையானுக்குத் தப்பியிருக்கும் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. மடத்தையும் மிகைப்படுத்திவிடக் கூடாது. அங்கே யாருக்குப் பந்தி, யாருக்கு வாசற்படி என்ற வரம்பு உண்டு. இக்காலத்து நல்கைகளின் வரம்புகள் வேறு. கண்ணுக்குச் சட்டென்று புலப்படாதவை.

ஆகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், அதில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டென்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்னும் ஊரில், இசைப்புலவர் எட்வர்ட் மக்டவலும் அவர் மனைவி மேரியனும் 1907இல் தொடங்கிய கலைஞர் குடியிருப்பில், மத்தியான உணவைக் கூடையில் வைத்து ஒவ்வொருவர் குடில் வாசலிலும் சத்தமின்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கவனம் கலையக்கூடாதாம். தார்ண்டன் வைல்டர் தம் 'அவர் டவுன்' நாடகத்தின் ஒரு பகுதியை அங்கேதான் எழுதினார். கணவர் அடுத்த வருஷமே இறந்துபோக, அந்த அம்மாள் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பொருள் திரட்டிப் பல ஆண்டுகள் அந்த இடத்தைக் காப்பாற்றினார். பெர்லினில் 1981இல் ஆரம்பித்த விஸன்ஷாஃப்ட்ஸ்கோலெக் என்னும் உயராய்வு நிலையத்திலோ நேர்மாறு: ஏறக்குறைய நாற்பது பேரும் மத்தியான வேளையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பது கிட்டத்தட்ட நிபந்தனை. உயிரியல் நிபுணர் பக்கத்தில் இசையமைப்பாளர், அவருக்கு எதிரே சட்ட சாஸ்திரி. கேட்ட புத்தகத்தை நகரத்து நூலகங்களில் எங்கிருந்தாலும் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் நூலகர்களும் அங்கே உண்டு. வாசலில் வைத்த கூடையா, பந்திச் சாப்பாடா என்று கேட்டால், நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருப்பவர் கூடை இருக்கும் இடத்துக்கும், ஒரு விஷயத்தை ஆரம்பிக்கிறவர் பந்தி இருக்கும் இடத்துக்கும் போகலாம் என்பேன். நான் பந்தியின் பக்கம். தனிமை வேண்டுமென்றால் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். பிற துறைக்காரரின் சகவாசம் அப்படிக் கூப்பிட்டதும் வருவதில்லை.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சாமக்கிரியைதான்: ஆராய்ச்சித் திட்டம், தன் வரலாறு, இதுவரை செய்ததற்கு ஒரு மாதிரி, சிபாரிசுக் கடிதங்கள். திட்டத்தில் பெரும்பாலோர் தம் விஷயத்தின் மகத்துவத்தைப் பக்கம் பக்கமாக விஸ்தரிப்பார்கள். படிக்கிறவர் தேடுவது அதையன்று. "இந்தக் காரியத்தை உம் வீட்டிலேயே செய்யலாமே, எங்கள் ஊருக்கு எதற்காக வரவேண்டும்?" என்பதற்கே அவர் விடை தேடுகிறார். ஆகவே அந்த நூலகத்தின் பட்டியலைப் பார்த்து, எந்தக் கட்டுக் காகிதம், எந்த வருஷத்துப் பத்திரிகை, எவருடைய கடிதத் தொகுதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிபாரிசுக்குப் பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் எழுத்தை வரிவரியாகப் படித்தவர் மேல். உங்கள் பெயரைத் துணைவேந்தர் நான்கு வரியில் புகழ்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கைச்செலவுப் பணத்தில் வீட்டு வாடகை போக என்ன மிஞ்சும் என்பதையும் வெட்கப்படாமல் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களுக்கு இது தலையாய கேள்வி. மேலே நான் சொன்ன கண்ணுக்குப் புலப்படாத வரம்புகளில் அதுவும் ஒன்று. இன்னொரு வரம்பு ஆங்கிலம். தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுதுகிற நல்ல ஆய்வாளர் பலர் அந்தப் படிவத்தின் முன்னால் ஊமையாகிவிடுகிறார்கள். மொழிபெயர்த்துக் கொடுக்கும் நண்பர் ஒருவரைத் தேடிக்கொள்வதில் இழிவொன்றும் இல்லை.

ஆறு மாதத்தில் எதைக் கண்டுபிடிப்பீர் என்று முன்கூட்டியே எழுதச் சொல்வதில் ஒரு விபரீதம் இருக்கத்தான் செய்கிறது. கண்டுபிடிக்கப்போவது இன்னதென்று தெரிந்துவிட்டால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அனுபவமுள்ள தேர்வாளர்களுக்கும் இது தெரியும். கேள்வி கேட்கத் தெரிந்தவரா என்பதைப் பார்க்கவே அவர்கள் திட்டத்தைப் படிக்கிறார்கள். நாவல் எழுதுகிறவர்களின் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. அசோகமித்திரன் 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு அழைக்கப்பட்டுப் போனார். பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய திட்டம் அது. பல தேசத்து எழுத்தாளர்களைப் பனிகொட்டும் ஒரு சிற்றூரில் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அங்கே அவருக்கு லாபமாக அமைந்தது அந்தச் சக எழுத்தாளர்களே. அவர்களுடைய பெருமையும் சிறுமையும், பாஷை தெரியாத தவிப்பும், ஒருவரையொருவர் சந்தேகிக்கும் அற்பத்தனமும் பின்னர் 'ஒற்றன்' என்னும் நாவலாயின. "கூட இருப்பவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பேன்" என்று விண்ணப்பத்தில் எழுத எந்த எழுத்தாளருக்குத் துணிவு வரும்?

வூஸ்டரில் நடப்பதைப் போன்ற ஒன்று நம் சுவடிச்சாலைகளிலும் வழக்கமாக வேண்டும் என்பது என் ஆசை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு சிற்பியை அங்கே ஒரு மாதம் உட்காரவைக்கலாம். தஞ்சை சரசுவதி மகாலில் மராட்டிய அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்கள் இருக்கின்றன. மோடி வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கொடுத்து ஒரு நாட்டியக் கலைஞரை அனுப்பலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் அழைப்பிதழ்களும் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நாடகம் எழுதும் ஓர் இளைஞரை விட்டுவிடலாம். ஓர் அறை, ஒரு மேஜை, மத்தியானம் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சாப்பாடு, மாதச் செலவுக்கு ஒரு தொகை: மொத்தச் செலவும் நம்மூரில் ஒரு நடுத்தரமான நிச்சயதார்த்தத்துக்கு ஆகிறதைவிடக் குறைவாகவே இருக்கும். தனவந்தர் எவரேனும் முன்வந்தால், போகவேண்டியவர்களின் பெயர்களை நான் இப்போதே எழுதித் தரத் தயார். ஒரே ஒரு நிபந்தனை, மாத முடிவில் அவர்களிடம் அறிக்கை கேட்கக்கூடாது.